கூலிக்குப் பருந்து வேண்டாம்

ஆண்டுதோறும் ஜூன் கடைசியிலோ ஜூலை தொடக்கத்திலோ விம்பிள்டன் டென்னிஸ் தொடங்கும்போது ஒரு காணொளி தமிழ்நாட்டுக் கைப்பேசிகளிலும் சுற்றிவரும். ஆளில்லாத மைதானம், விடிந்தும் விடியாத வெளிச்சம், தோல் கையுறை மாட்டிய கையிலிருந்து கிளம்பும் பழுப்பு நிறப் பருந்து, கூரை விளிம்பிலிருந்து சிதறிப் பறக்கும் புறாக்கள். பருந்தின் பெயர் ரூஃபஸ். படம் ஒட்டிய அடையாள அட்டைகூட அதற்கு உண்டு. பார்த்து முடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறார்கள்: நம்மூர் மைதானத்திலும், கோயிலிலும், அடுக்குமாடிக் குடியிருப்பிலும் இப்படி ஒரு பருந்தை வைத்தால் புறாத்தொல்லை தீர்ந்துவிடுமே!

இந்த நம்பிக்கையைச் செஞ்சியில் வைத்து உரைத்துப் பார்க்கலாம். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன; தமிழ்நாட்டுக்குக் கிடைத்த ஒன்று செஞ்சி. அந்தக் கோட்டையின் ராஜகிரிக் குன்றின் அடிவாரத்தில் உள்ள களஞ்சியமும் உடற்பயிற்சிக் கூடமும் கல்யாண மகாலும் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பியவை. இத்தகைய காரைக்குப் புறா எச்சம் பகை. எச்சத்தில் உள்ள அமிலம் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக அரிக்கும். ஆக, தொல்லை கற்பனை அல்ல. அதற்குச் சொல்லப்படும் மருந்துதான் தவறு.

புறாவை ஓரிடத்துக்கு இழுப்பவை இரண்டு: தீனி, பொந்து. இரண்டையும் அப்படியே விட்டுவிட்டுப் பருந்தைத் தேடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதாகும். புறாவை வேட்டையாடும் பறவைகள் இந்தப் பாறைநாட்டில் காலங்காலமாகத் தம் போக்கில் வாழ்ந்துவருபவை. அவற்றுக்கு நாம் செய்ய வேண்டியது வேறு.

முதலில் விம்பிள்டனுக்கு உரிய நியாயத்தைச் செய்துவிடலாம். ரூஃபஸ், ஹாரிஸ் பருந்து என்னும் இனத்தைச் சேர்ந்தது. புல்தரையில் தூவிய விதையைக் கொத்த வரும் புறாக்களை விரட்டுவது அதன் பணி. காலை 5 மணிவாக்கில் பறக்கத் தொடங்கி, பார்வையாளர்களுக்குக் கதவு திறக்கும் முன் முடித்துக்கொள்கிறது. கொல்வதற்காக அல்ல, அச்சுறுத்துவதற்காகவே அதைப் பறக்கவிடுகிறார்கள். அந்த அளவில் அது பயன்தருகிறது என்பதை மறுக்க வேண்டியதில்லை. மறுக்க வேண்டியது, அதைப் பார்த்து நாம் போடும் கணக்கை.

அந்தப் பருந்து போட்டி நடக்கும் இரண்டு வாரம் மட்டும் வந்துபோகும் விருந்தாளி அல்ல. ஆண்டு முழுவதும் வாரந்தோறும் அங்கே பறக்கவிடப்படுகிறது. ஒரு முறை விரட்டினால் போதும் என்றால் இந்த ஏற்பாடு தேவைப்பட்டிருக்காது. பருந்து வானில் இருக்கும்வரை புறா விலகி நிற்கும். பருந்து வண்டியேறியதும் விதை இருக்கும் இடத்துக்குப் புறாவும் வந்து சேரும். பார்வையாளர் வருமுன் சில மணி நேரத்துக்கு வானத்தைக் காலியாக வைத்திருப்பதே அங்கே நோக்கம். ஒரு கோட்டைக்கோ கோயிலுக்கோ அந்தச் சில மணி நேரம் எதற்கும் உதவாது. புறா அங்கே இரவு அடைகிறது, முட்டையிடுகிறது, குஞ்சு வளர்க்கிறது.

பருந்தின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். பருந்து வளர்ப்பவரின் நாள் தராசில் தொடங்குகிறது. ஆண் ஹாரிஸ் பருந்து 600, 700 கிராம் எடைதான் இருக்கும். காலில் தோல்வாரும் சலங்கையும் கட்டிய அந்தப் பறவையைத் தினமும் தராசில் ஏற்றி நிறுத்துக் குறிப்பேட்டில் எழுதுகிறார்கள். எடை கொஞ்சம் கூடினால் அன்று அது வேலைக்கு ஆகாது. வயிறு நிறைந்த பருந்து அழைத்தாலும் கையுறைக்கு வராது, எங்காவது மரத்தில் போய் உட்கார்ந்துவிடும். எடை அளவுக்கு மீறி இறங்கினால் பறவை நலிந்துவிடும். கையுறையில் வைத்த இறைச்சித் துண்டுக்காக அது திரும்பி வருகிறது. அந்த அளவுக்குப் பசி இருந்தாக வேண்டும். இந்தக் கிராம்கணக்கு தப்பாமல் பார்த்துக்கொள்ளப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். நமக்குக் கைப்பேசியில் தெரிவது அரை நிமிடப் பறத்தல்.

அத்தனை கவனத்திலும் பறவை தவறிப்போவதுண்டு. 2012 ஜூனில் ரூஃபஸையே காரிலிருந்து யாரோ கூண்டோடு திருடிப்போனார்கள். அந்த ஆண்டுப் போட்டியின் நடுவே இது செய்தியாகி, மூன்று நாள் கழித்துத்தான் பறவை கிடைத்தது.

இனி புறாவைப் பார்ப்போம். நம் ஊர்களில் கூட்டம் கூட்டமாக இருப்பது மாடப்புறா. பெயரே சொல்கிறது, அது மாடத்தில் வாழும் பறவை. அதற்கு முன் அதன் வீடு மலைப்பாறையின் இடுக்கு. மனிதர் எழுப்பிய உயர்ந்த கட்டடம் அதன் கண்ணுக்கு இன்னொரு மலை. செஞ்சியில் அதற்கு இரண்டுமே இருக்கின்றன: பாறைமேல் பாறை அடுக்கியது போன்ற குன்றுகள், அவற்றின் அடியில் விதானமும் வளைவும் மாடக்குழியுமாகக் கட்டடங்கள்.

அதன் கூடு கூடு என்றே சொல்லத் தகாதது. பத்துப் பதினைந்து சுள்ளி, கொஞ்சம் வைக்கோல், காய்ந்த எச்சத்தின் மேல் அவற்றைப் பரப்பியது போல இருக்கும். அதில் வெள்ளையாக இரண்டு முட்டை. ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்க, 17 முதல் 19 நாளில் குஞ்சு பொரியும். தாயும் தந்தையும் தம் தொண்டைப்பையில் சுரக்கும் பால் போன்ற சத்தை ஊட்டியே குஞ்சுகளை வளர்க்கும். மற்றப் பறவைகள் பல புழுவும் பூச்சியும் கிடைக்கும் பருவத்துக்குக் காத்திருக்க, புறா காத்திருப்பதில்லை. பெற்றவை தின்னத் தானியம் இருந்தால் குஞ்சுக்குப் பால் இருக்கும். முதல் ஈட்டுக் குஞ்சுகள் பறக்குமுன்பே அடுத்த இரண்டு முட்டை விழுந்துவிடுவதும் உண்டு. தானியம் குறையாத ஊரில் ஆண்டுக்கு ஐந்தாறு ஈடு எடுக்கும்.

தானியம் குறையாத ஊர் என்பதற்குச் செஞ்சியைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம். அங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் சுற்றுப்புற ஊர்களின் நெல் வந்து குவியும் இடம். அறுவடைக் காலத்தில் களத்தில் மூட்டை அடுக்கியிருக்கும், நெல் கொட்டியிருக்கும், எடை போடும்போது சிந்தியிருக்கும். கிராமச் சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல்லும் மணிலாவும் காயும். புறா அதிகாலையில் கோட்டையிலிருந்து கிளம்பி, வயிறு நிறைய மேய்ந்து, வெயில் ஏறுமுன் மாடத்துக்குத் திரும்பிவிடலாம். இந்தக் கூட்டத்தில் ஒரு பருந்து பத்துப் புறாவைக் கலைத்தால் என்ன, நூறைக் கலைத்தால் என்ன? களத்தில் நெல் கிடக்கும்வரை அடுத்த ஈடு வந்துகொண்டே இருக்கும்.

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரம் இதை நெடுங்காலம் பட்டுத் தெரிந்துகொண்டது. 1961 முதல் 1985 வரை அங்கே ஏறத்தாழ 1,00,000 புறாக்களைப் பொறிவைத்தும் சுட்டும் கொன்றார்கள். நகரில் இருந்த புறாக்கள் 20,000 அளவிலேயே நின்றன. கொன்ற இடத்தைக் குஞ்சுகள் நிரப்பின. செத்தவற்றின் பங்குத் தீனி உயிரோடு இருந்தவற்றுக்குக் கிடைத்தது. 1988-இல் வழியை மாற்றினார்கள். புறாவுக்குத் தீனி போடுவது கருணை அல்ல, நெருக்கடியும் நோயும் மலிந்த வாழ்வுக்கு அதைத் தள்ளுவதாகும் என்று சுவரொட்டி ஒட்டியும் துண்டறிக்கை கொடுத்தும் மக்களிடம் பேசினார்கள். கண்காணிப்புள்ள புறாமாடங்கள் சிலவற்றையும் அமைத்தார்கள். நான்கு சொச்சம் ஆண்டில் புறாக்களின் எண்ணிக்கை பாதியானது. டேனியல் ஹாக்-வாக்கர்நாகல் என்ற உயிரியல் அறிஞர் 1993-இல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பதிவு செய்திருக்கிறார். கால் நூற்றாண்டுக் கொலையால் ஆகாதது தீனியைக் குறைத்ததும் ஆனது. கொல்வதாலேயே குறையாத புறா, வெறுமே விரட்டுவதால் குறையும் என்று எந்த நியாயத்தில் நம்புவது?

இதற்குப் பருந்துக் கட்சியினர் லண்டனின் டிரஃபால்கர் சதுக்கத்தைக் காட்டுவார்கள். ஆயிரக்கணக்கில் புறாக்கள் மேய்ந்த அந்தச் சதுக்கத்தில் பருந்து பறந்தது உண்மை, புறா குறைந்ததும் உண்மை. ஆனால் எது முதலில் நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். கென் லிவிங்ஸ்டன் மேயரானதும் சதுக்கத்தில் புறாத்தீனி விற்பது 2001-இல் நின்றது. 2003-இல் அங்கே தீனி போடுவதே தடை செய்யப்பட்டது. 2007-இல் அந்தத் தடை சுற்றுப்புறத்துக்கும் நீண்டது. பருந்து அங்கே துணைக்கு நின்றது. மடையை அடைத்தது தடையாணை. மடை திறந்திருந்தால் துணைக்கு நின்ற பருந்து நாள் முழுக்க விரட்டிக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அடுத்தது சட்டம். பருந்தைப் பழக்கி வேலைக்கு விடலாம் என்று பேசுகிறவர்கள் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறையாவது புரட்ட வேண்டும். காட்டுப் பறவையைப் பிடிப்பதும் பொறி வைப்பதும் அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள்ளேயே வருகின்றன. புறா வேட்டையில் தலைசிறந்த பொரி வல்லூறு அதன் முதல் அட்டவணையில் இருக்கிறது. அந்த அட்டவணை உயிரினத்தை வேட்டையாடினால் 3 ஆண்டுக்குக் குறையாத, 7 ஆண்டுவரை நீளக்கூடிய சிறை. மைதானம் சுத்தமாக வேண்டும் என்பது இதற்கு விலக்காகாது.

நம் நாட்டிலேயே நடந்த பாடம் ஒன்று இருக்கிறது. 2010 அக்டோபரில் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. மைதானங்களில் குரங்குகள் புகுந்துவிடக்கூடாது என்று கறுத்த முகமும் நீண்ட வாலும் கொண்ட லங்கூர்களைக் கயிற்றில் கட்டிக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தில்லி அரசு அலுவலகங்களில் அதற்கு முன்பே இது வழக்கம். லங்கூரைக் கண்டால் சிவந்த முகக் குரங்கு ஓடிவிடும் என்பது நம்பிக்கை. ஓடியது, பக்கத்துத் தெருவுக்கு. லங்கூர் போனதும் திரும்பி வந்தது. 2012-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம், லங்கூரும் அதே வனவிலங்குச் சட்டத்தால் காக்கப்படுவது, அதைக் கட்டி வைத்து வேலை வாங்குவது குற்றம் என்று எடுத்துச் சொன்னது. 2014-இல் நாடாளுமன்ற வளாகத்துக் குரங்குகளை விரட்ட லங்கூர் போலக் குரல் கொடுக்கும் 40 ஆட்களை அமர்த்தியிருப்பதாக அமைச்சர் வெங்கையா நாயுடு மாநிலங்களவையில் எழுத்துமூலம் தெரிவித்தார். தில்லியில் குரங்குத்தொல்லை இன்றும் தீரவில்லை. குப்பைத்தொட்டியும், பக்தர் வைக்கும் வாழைப்பழமும் இருக்கும் இடத்தைக் குரங்கு விடாது. ஒரு விலங்கை வைத்து இன்னொரு விலங்கை விரட்டும் வழியை முழுதாக ஒரு சுற்று போய்ப் பார்த்துவிட்ட நாடு இது. அதே தடத்தில் பருந்தை ஏற்றத் தேவையில்லை.

நம் பறவைதானே கூடாது, வெளிநாட்டு ஹாரிஸ் பருந்தை முறைப்படி வாங்கலாமே என்பது அடுத்து வரும் வாதம். ஹாரிஸ் பருந்தின் தாயகம் அமெரிக்காவின் தென்மேற்கிலிருந்து தென்னமெரிக்காவரை நீளும் வறண்ட நிலம். பருந்தினங்களில் அபூர்வமாகக் கூட்டமாகச் சேர்ந்து வேட்டையாடும் பழக்கம் அதற்கு உண்டு. பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட இனம் என்பதால் 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டப்படி அதை வைத்திருப்பவர் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்துவிட்டாலும் சிக்கல் தீராது. திறந்தவெளியில் பறக்கவிடும் பறவை ஒருநாள் திரும்பாமல் போகும். திரும்பாத பருந்துக்குச் செஞ்சிக் குன்றுகளின் மைனாவும் கவுதாரியும் ஓணானும் இரை. சீமைக்கருவேலத்தையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியையும் பயன் கருதித்தான் கொண்டுவந்தார்கள். அவை செய்த கேட்டை ஏரிக்கரையில் நின்று பார்க்கும் தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பருந்து வளர்ப்பு மரபுக்கலை அல்லவா, அரபு நாடுகளில் இன்றும் போற்றப்படுகிறதே என்றும் கேட்பார்கள். சரிதான். யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் 2010-இல் அது சேர்ந்தது. 2021-இல் அந்தப் பதிவில் இருந்த நாடுகள் 24. அவற்றில் இந்தியா இல்லை. முகலாயர் அரண்மனையிலும் வடக்கத்திய சமஸ்தானங்களிலும் வல்லூறு வளர்த்தார்கள். அது வேட்டை விளையாட்டு, பூச்சிமருந்து வேலை அல்ல. ஒரு கலையை மதிப்பது வேறு, அதைத் துப்புரவு ஒப்பந்தமாக்குவது வேறு.

செஞ்சி வட்டாரத்துக்கு இன்னொரு மரபு இருக்கிறது. தொண்டூரில் குன்றின் இயற்கைக் குகைத்தளத்தில் சமணத் துறவிகளுக்கு வெட்டிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ளன. செஞ்சியை ஒட்டிய திருநாதர்குன்றில் 24 தீர்த்தங்கரர்களைப் பாறையில் செதுக்கியிருக்கிறார்கள். 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்ட சந்திரநந்தி ஆசிரியரின் நினைவிடமான நிசீதிகை அங்கே இருக்கிறது. எந்த உயிரையும் வருத்தாமல் அதன் பக்கத்தில் வாழ்வது எப்படி என்று இந்தப் பாறைகளில் உட்கார்ந்து யோசித்தவர்கள் அவர்கள். அந்தப் பாறைகள் மனிதருக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. தென்னிந்தியாவின் செங்குத்தான பாறைமுகங்களே ஷாகீன் வல்லூறின் வீடு. பொரி வல்லூறின் நம் நாட்டு இனம் அது. மார்பு செம்மை, முதுகு கருஞ்சாம்பல். பாறை விளிம்பில் உட்கார்ந்து கீழே பறக்கும் புறாவைக் குறிவைத்து, மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும் வேகத்தில் தலைகீழாகப் பாயும். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து அதன் உறவினங்களும் தமிழ்நாட்டுக்கு வருகின்றன. கோபுரங்களிலும் செல்போன் கோபுரங்களிலும் அமர்ந்து வேட்டையாடுகின்றன. தோப்புகளில் வைரி இருக்கிறது.

இவையும் புறாவை ஒழித்துவிடா. ஒழிப்பது அவற்றின் வேலையும் அல்ல. தராசில் ஏறாமல், தோல்வார் இல்லாமல், ஆண்டு முழுவதும் புறாக்கூட்டத்தை ஓரளவில் வைக்கும் வேட்டைப் பறவைகள் இவை. இவற்றுக்கு நாம் கொடுக்க வேண்டியது பாறை. செஞ்சி இருக்கும் விழுப்புரம் மாவட்டத்தில் குவாரிக்காகக் குன்றுகள் துண்டு துண்டாகப் போய்க்கொண்டிருக்கின்றன. வெடி வைத்துத் தகர்த்து இல்லாமலாக்கிய குன்றில் எந்த வல்லூறும் முட்டையிட முடியாது. கூடு கட்டும் பாறையை உடைத்துவிட்டு, அதே வேலைக்கு வெளிநாட்டுப் பருந்தைக் கூலிக்குப் பிடிக்கலாம் என்று பேசுவது அறமும் அல்ல, அறிவும் அல்ல.

புறாவுக்குத் தீனி போடுகிறவர்களிடமும் ஒரு சொல். 2025 ஜூலையில் மும்பையின் 51 புறாத்தீனி நிலையங்களை மூட மகாராஷ்டிர அரசு சொன்னபோது அந்நகரின் தாதர் பகுதியில் பெரும் எதிர்ப்பு எழுந்தது. உச்ச நீதிமன்றம்வரை வழக்குப் போனது. தீனி போடுவோரின் இரக்கம் பொய்யல்ல. ஆனால் உலர்ந்த எச்சத்தின் தூசு நுரையீரலில் ஒவ்வாமை அழற்சியை உண்டாக்குவது மருத்துவர்கள் நன்கறிந்த உண்மை. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கில் நெருக்கியடிக்கும் புறாக்கள் நோயோடும் ஒட்டுண்ணியோடும் வாழ்கின்றன என்பதும் உண்மை. தீனியைப் படிப்படியாகக் குறைத்தால் புறா பட்டினி கிடந்து சாக வேண்டியதில்லை; ஈடு எடுப்பது குறையும், கூட்டம் பரவிப்போகும். உயிருக்கு இரங்குகிறவர்கள் பருந்தை ஏவுவதைவிட இதைத்தான் ஏற்க வேண்டும்.

விளையாட்டு மைதானங்களுக்கும் இதே கணக்குதான். பறவையும் ஆட்டமும் மோதிக்கொள்வது புதிதல்ல. 1936 ஜூலை 3 அன்று லார்ட்ஸ் மைதானத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய இந்திய வீரர் ஜஹாங்கீர் கான் வீசிய பந்தில் ஒரு சிட்டுக்குருவி அடிபட்டு இறந்தது. பாடம் செய்த அந்தக் குருவி அங்கேயே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பறவை அடிபடுவதும் ஆட்டம் தடைபடுவதும் யாருக்கும் விருப்பமில்லை. அதற்கு, ஆட்டம் முடிந்த இரவே இருக்கைக்கடியில் சிதறிய பாப்கார்னையும் சோற்றையும் பெருக்கி அள்ள வேண்டும். கூரையின் இரும்புச் சட்டங்களுக்கு அடியில் வலை கட்ட வேண்டும். புறா உட்காரும் விளிம்புகளைச் சாய்வாக்க வேண்டும். புதுப்புல் விதைத்த இடத்தை முளைக்கும்வரை மூடி வைக்க வேண்டும். சென்னை அடுக்குமாடிகளில் பால்கனிக்குப் புறாவலை கட்டும் ஆட்களுக்குத் தெரிந்த வேலைதான் இது. ஒருமுறை ஒழுங்காகக் கட்டிய வலைக்குத் தினமும் இறைச்சி கொடுக்க வேண்டியதில்லை.

செஞ்சியில் செய்ய வேண்டியதும் எட்டாத காரியமல்ல. விற்பனைக்கூடத்தில் நெல்லுக்குக் கூரையும், ஏலம் முடிந்த மாலையே களத்தைக் கூட்டுவதும் வேண்டும். கூட்டி அள்ளிய நெல் வீணாகாது, கோழிக்கும் மாட்டுக்கும் ஆகும். களஞ்சியத்தின் வாயில்களிலும் மேல்துளைகளிலும் கண்ணுக்கு உறுத்தாத வலையைத் தொல்லியல் துறை கட்டலாம். கட்டுமுன் உள்ளே முட்டையோ குஞ்சோ வௌவாலோ ஆந்தையோ இருக்கிறதா என்று பார்த்து, அவை வெளியேறும் காலம்வரை பொறுக்க வேண்டும். கோட்டைக்கு வருகிறவர்கள் பொட்டலத்தை அங்கே பிரித்துப் போடாமல் இருக்க வேண்டும். சுற்றியுள்ள குன்றுகளில் இனி ஒரு பாறைமுகத்தையும் குவாரிக்குக் கொடுக்காமல் மாவட்ட நிர்வாகம் காக்க வேண்டும்.

செஞ்சியின் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பறவை பார்க்கும் பிள்ளைகள் ஒரு வேலை செய்யலாம். அடுத்த அறுவடை நெல் சந்தைக்கு வருமுன் ஒரு மாலைப்பொழுதில், களஞ்சியத்துக்கு அடைய வரும் புறாக்களை எண்ணித் தேதியோடு எழுதி வையுங்கள். களம் கூட்டப்பட்டு வலை கட்டிய பிறகு, மறு ஆண்டு அதே மாதம் அதே மாலை மீண்டும் எண்ணுங்கள். இரண்டு எண்ணிக்கைகளையும் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள்.